பழைய ஹாலிவுட் சாமியார், சிஸ்டர் படங்கள்: இறையழைத்தல் யாரு வீட்டுக்கு வந்துச்சு?

பழையரீல் (கேள்வி)

ரெண்டு மாசமா ராத்திரி தூக்கத்தை விட்டுட்டு 1940லேர்ந்து 60கள் நடுவரைக்கும் வந்த ஹாலிவுட் படங்கள்ல ஃபாதர், சிஸ்டர், பாஸ்டர் கதையாப் பொறுக்கிப் பொறுக்கிப் பார்த்துட்டு வர்றேன். பையன் சாமியாருக்குப் படிக்கக் குருமடத்துக்குப் போறேன்னு நிக்கிறான், இல்ல பொண்ணு மடத்துல சேரணும்ங்கிறா, அப்பா வாயே திறக்க மாட்டேங்கிறார், அந்த மாதிரி. இல்லன்னா போதகர் குடும்பம், ஊர் ஊரா மாத்தல், சபை குடுத்த ஒழுகுற வீடு, அதுல பொண்டாட்டி புள்ளைங்க படுற பாடு, 1941ல வந்த 'ஒன் ஃபுட் இன் ஹெவன்' மாதிரி. வெளியில பார்த்தா கடவுள் கதை, உள்ள போனா முழுக்க வீட்டுக் கதை, அதான் எனக்கு இந்த வகை மேல இவ்ளோ ஆசை.

ஆனா பத்துப் பதினஞ்சு படம் தாண்டினதும் ஒண்ணு உறுத்த ஆரம்பிச்சிருச்சு. வெள்ளைக்காரங்க அல்லாத ஆட்கள் இந்தப் படங்கள்ல இல்லாம இல்ல, நிறையவே இருக்காங்க, சீனா மிஷன்ல இருக்காங்க, காங்கோ ஆஸ்பத்திரில இருக்காங்க, தெற்கத்தி அமெரிக்க ஊர்கள்ல இருக்காங்க. ஆனா சாமியாரா, சிஸ்டரா வான்னு கடவுள் கூப்பிடுற அந்த அழைப்பு மட்டும் அவங்களுக்கு வர மாட்டேங்குது. அவங்களுக்கு வைத்தியம் பார்க்கிறாங்க, ஞானஸ்நானம் குடுக்கிறாங்க, அவங்களைக் காப்பாத்துறாங்க. இது எல்லாத்தையும் செய்யற வெள்ளைக்காரச் சாமியாருக்குத்தான் உள்ளுக்குள்ள போராட்டம், சந்தேகம், கண்ணீர் எல்லாம்.

1944ல வந்த 'த கீஸ் ஆஃப் த கிங்டம்' எடுத்துக்கோங்க. கிரெகரி பெக் சீனாவுக்குப் போற ஸ்காட்லாந்துச் சாமியார். அதுல மிஸ்டர் சியான்னு ஒரு பெரிய மனுஷன் வர்றார், மகன் பொழைச்ச நன்றிக்காகக் கிறிஸ்தவ வேதத்துல சேர்றேங்கிறார், சாமியார் நன்றிக்காகச் சேர வேணாம்னு மறுக்கிறார், ரொம்ப நல்ல சீன். ஆனா அந்த சியாவா நடிச்சது லெனர்ட் ஸ்ட்ராங்னு ஒரு வெள்ளைக்காரர், கண்ணுக்கு மேக்கப் போட்டு. அதே படத்துல பென்சன் ஃபாங், ஃபிலிப் ஆன், ரிச்சர்ட் லூன்னு ஆசிய நடிகர்கள் சின்னச் சின்ன வேஷத்துல நிக்கிறாங்க, கையில ஆள் இருந்தும் குடுக்கல.

என் கேள்வி இதான். இது சென்சார் கோடால (எதைப் படத்துல காட்டலாம், எதைக் காட்டக் கூடாதுன்னு ஹாலிவுட் வச்சிருந்த விதிகள்) வந்ததா, தியேட்டர்காரங்க பயமா, இல்ல அந்தக் காலத்துல நிஜமாவே கறுப்பினச் சாமியார், சிஸ்டர்னு ஆட்கள் அவ்ளோ இல்லையா? நான் தவறவிட்ட படம் இருந்தாலும் சொல்லுங்க.

கூட்டுப்பாடல்

மூணும் கலந்ததுதான்னு நினைக்கிறேன் சகோ, கோடுலேர்ந்து ஆரம்பிக்கிறேன்.

1930ல எழுதி 1934லேர்ந்து கறாரா அமல்ல வந்த புரொடக்‌ஷன் கோடை எழுதினதுல டேனியல் லார்டுன்னு ஒரு ஜெசூட் (இயேசு சபை) சாமியாருக்குப் பெரிய பங்கு உண்டு. அதை நடைமுறைப்படுத்தின ஜோசப் ப்ரீனும் கத்தோலிக்கர். குருக்களை, போதகர்களைக் காமெடியனாவோ வில்லனாவோ காட்டக் கூடாதுன்னு அதுல தெளிவாவே இருக்கு. மேலோட்டமாப் பார்த்தா நல்ல விதி மாதிரி இருக்கும், ஆனா யோசிச்சுப் பாருங்க, ஒரு கறுப்பினப் பையன் குருமடத்துக்கு மனு போடுறான், அங்க தலைவரா இருக்கிற ரெக்டர் நிறத்தைப் பார்த்துத் திருப்பி அனுப்புறார்னு கதை எழுதினா அந்த ரெக்டர் என்னவா ஆவார்? வில்லன்தான். அப்போ அந்தக் கதையை எழுதவே வழி இல்ல. இது என் ஊகம்தான், ஆனா ரொம்ப நாளா மனசுல இருக்கிற ஊகம். அதுக்கு மேல கறுப்பு வெள்ளை காதலைக் காட்டக் கூடாதுன்னு ஒரு தடை வேற, அது 1956 திருத்தத்துலதான் போச்சு.

தியேட்டர் பக்கம் இன்னும் மோசம். மெம்ஃபிஸ் நகரத்துல லாயிட் பின்ஃபோர்டுன்னு ஒரு சென்சார் தலைவர், 1928லேர்ந்து 1955 வரைக்கும் அந்த நாற்காலியில இருந்தார். 1947ல ஒரு குழந்தைகள் படத்தை, பள்ளிக்கூடத்துல கறுப்பினப் பிள்ளைகளும் வெள்ளைக்காரப் பிள்ளைகளும் ஒண்ணா உட்கார்ந்திருக்காங்கன்னு சொல்லியே தடை பண்ணார். ஒரே வகுப்புல உட்கார்றதுக்கே தடைன்னா, ஒரே பீடத்துல நின்னு பூசை வைக்கிறதைப் படம் எடுக்க எந்த ஸ்டுடியோ பணம் போடும்?

ஆனா இன்னொரு பக்கத்தையும் சொல்லாம விட முடியல. 1944ல ஒரு கத்தோலிக்க ஃபாதர் கதையான 'கோயிங் மை வே' வந்து ஏழு ஆஸ்கர் வாங்கினதே ஒரு வகையில பிரதிநிதித்துவம்தான். இன்னைக்கு நமக்கு அது வெறும் வெள்ளைக்காரப் படமாத் தெரியுது. ஆனா அதுக்கு இருபது வருஷம் முன்னாடி கூ க்ளக்ஸ் க்ளான்ங்கிற வெள்ளை இனவெறிக் கும்பல் கத்தோலிக்கர்களை எதிர்த்து ஊர்வலம் போயிட்டு இருந்துச்சு, 1928ல அல் ஸ்மித் ஜனாதிபதி தேர்தல்ல நின்னப்போ அவர் கத்தோலிக்கர்ங்கிறதையே ஆயுதமா எடுத்து அடிச்சாங்க. அப்படி வெளியாளா நடத்தப்பட்ட ஐரிஷ் வீட்டுப் பையன் பிங் கிராஸ்பி குரல்ல பாடிட்டு நாட்டுக்கே பிடிச்ச ஃபாதரா ஆகுறான்னா அந்த மக்களுக்கு அது சின்ன விஷயம் இல்ல. எனக்கு வருத்தம் என்னன்னா, கதவு திறந்து உள்ள போனவங்க பின்னாடி வர்றவங்களுக்காக அதைத் திறந்து பிடிச்சுக்கல.

மூணாவதுவரிசை

வெள்ளைக்காரங்க அல்லாதவங்களுக்கு அழைப்பே வர மாட்டேங்குதுன்னு சொன்னது முழுசாச் சரியில்ல நண்பரே. 1963ல ஆட்டோ ப்ரெமிஞ்சர் எடுத்த 'த கார்டினல்' பாருங்க. ஓஸி டேவிஸ், ஃபாதர் கில்லிஸா வர்றார். ஜார்ஜியாலேர்ந்து ரோமுக்கே வந்து, என் ஜனங்களுக்கு நடக்கிற அநியாயத்துக்குத் திருச்சபை என்ன சொல்லப் போகுதுன்னு கேட்கிறார். அந்த முகத்துல கெஞ்சலே கிடையாது, உரிமையோட கேட்கிற முகம், அதுக்காகவே அந்தப் படத்தை மூணு தடவை பார்த்திருக்கேன்.

அதே வருஷம்தான் 'லில்லீஸ் ஆஃப் த ஃபீல்ட்'. சிட்னி பாய்ட்டியே அதுக்குத்தான் சிறந்த நடிகர் ஆஸ்கர் வாங்கினார், அந்தப் பிரிவுல வாங்கின முதல் கறுப்பினர் அவர்தான். அரிசோனா வெயில்ல, ஐரோப்பாலேர்ந்து தப்பிச்சு வந்த சிஸ்டர்களுக்கு ஒத்தை ஆளா சேப்பல் கட்ட ஆரம்பிக்கிறார், அப்புறம் மெக்சிகோ வழி வந்த ஊர்க்காரங்க சேர்ந்துக்கிறாங்க. பாய்ட்டியேவோட ஹோமர் ஸ்மித் பாப்டிஸ்ட், சாமியார் இல்ல, ஆனா அந்தப் படத்துல உண்மையான அழைப்பு வர்றது அவருக்குத்தான்னு எனக்குத் தோணும். தன் பேரை ஈர சிமெண்டுல எழுதுற சீனை மறக்க முடியுமா?

பழையரீல்

கார்டினல் நேத்து ராத்திரிதான் பார்த்து முடிச்சேன், ரொம்ப நன்றி. ஓஸி டேவிஸ் பத்தி நீங்க சொன்னது அத்தனையும் சரி. ஆனா அதைப் பார்த்ததுக்கு அப்புறம்தான் எனக்கு எது உறுத்துச்சுன்னே புரிஞ்சுது.

அந்தப் படத்துல ஹீரோ ஸ்டீவன் சாமியாருக்குப் பாஸ்டன்ல வீடு இருக்கு. அப்பா, அம்மா, தங்கச்சி மோனா. மோனா ஒரு யூதப் பையனைக் காதலிக்கிறா, அண்ணன் சாமியாரா இருக்கிறதாலயே அவளுக்கு எல்லாம் தலைகீழாப் போகுது, கடைசியில பிரசவத்துல அவ உயிரா குழந்தை உயிரான்னு வரும்போது அவன் தன் வேதத்துப் பக்கம் நிக்கிறான், அவ செத்துப் போறா. அவன் குருப்பட்டத்துக்கு அந்த வீடு குடுத்த விலை என்னன்னு படம் நமக்கு அணு அணுவாக் காட்டுது. ஃபாதர் கில்லிஸுக்கு? அவரோட அம்மா யாரு? அவர் சாமியாராப் போறேன்னு சொன்ன அன்னைக்கு அவங்க வீட்ல என்ன நடந்துச்சு? எந்தக் குருமடம் சேர்த்துக்கிச்சு, எது சேர்த்துக்கல? படத்துக்கு இதெல்லாம் தேவைப்படவே இல்ல. ஜார்ஜியாவுல கடைசியில க்ளான்காரங்ககிட்ட சவுக்கடி வாங்குற காட்சி கூட ஸ்டீவனுக்குத்தான் போகுது.

ஹோமர் ஸ்மித்தும் அப்படித்தான். கார் ஓட்டிட்டு எங்கிருந்தோ வர்றார், சேப்பல் கட்டி முடிச்சதும் பாடிட்டே எங்கேயோ போயிடுறார். ஆர்க்கிடெக்ட் ஆகணும்னு ஆசை இருந்துச்சு, படிக்க வழி இல்லைன்னு ஒரு வரி. அந்த ஒரு வரிக்குப் பின்னாடி ஒரு முழு வீடு இருக்கணும், அதைத்தான் நான் தேடிட்டு இருந்திருக்கேன். இந்த வகைக் கதைக்கு உயிரே வீடுதான், அப்போ வீடு இல்லாத ஆளை எத்தனை நல்லவரா, எத்தனை கண்ணியமாக் காட்டினாலும் அவர் இந்தக் கதைக்கு விருந்தாளிதான்.

நடைவண்டி

'ஸ்டார்ஸ் இன் மை கிரவுன்' பார்த்தீங்களா சகோ? 1950, ஜாக் டூர்னர் எடுத்தது. உங்க வாதத்துக்கு எதிரா நான் வைக்கிற படம் அதுதான்.

உள்நாட்டுப் போருக்கு அப்புறம் ஒரு தெற்கத்தி ஊர், ஜோயல் மக்ரே அங்க போதகர், அவங்க வீட்ல வளர்ற பையன் கண்ணு வழியாத்தான் கதை போகுது. அதுல ஜுவானோ ஹெர்னாண்டஸ், அங்கிள் ஃபேமஸ்னு ஒரு வயசான கறுப்பினர். போர்ட்டோ ரிக்கோக்காரர் அந்த நடிகர், அந்தக் காலத்துல அவர் அளவுக்கு நிமிர்ந்து நடிச்சவங்க கொஞ்சம் பேர்தான். அந்தக் கதையோட மையமே வீடுதானே? அவர் நிலத்துக்கு அடியில மைக்கா ஓடுது, சுரங்க முதலாளி விலைக்குக் கேட்கிறான், இவர் விக்க மாட்டேங்கிறார். பயிரை அழிக்கிறாங்க, அசையல. ராத்திரி முகமூடி போட்டுட்டுத் தூக்குல போட வர்றாங்க. போதகர் துப்பாக்கி எடுக்காம, ஃபேமஸோட உயில்னு சொல்லி ஒரு தாளை எடுத்துப் படிக்கிறார். உனக்கு என் தூண்டில், உனக்கு என் நாய்னு ஒவ்வொருத்தனுக்கா. சின்ன வயசுல அவங்களுக்கு மீன் பிடிக்கவும் வேட்டைக்குப் போகவும் கத்துக் குடுத்தவரே அவர்தான். ஒவ்வொருத்தனாத் தலை குனிஞ்சு திரும்பிப் போறான். அப்புறம் பையன் அந்தத் தாளை எடுத்துப் பார்த்தா அதுல ஒரு எழுத்து கூட இல்ல.

நான் அதை முதல் தடவை பார்த்தப்போ தொண்டை அடைச்சிருச்சு. இப்பவும் அடைக்குது.

ஆனா எழுதிட்டு இருக்கும்போதே நீங்க சொன்னது உள்ள ஓடுது. அந்த உயில்ல பேர் வர்றவங்க எல்லாருமே வெள்ளைக்காரங்க. அவருக்குன்னு ஒரு பிள்ளை, ஒரு தங்கச்சி, ஒரு சொந்தம் வாரிசா வர்ற மாதிரி ஒரு வரி கூட அதுல இல்ல. வீடு இருக்கு, வீட்டுக்குள்ள அவர் மட்டும்தான் இருக்கார். சரி, எதிர்வாதம் வைக்க வந்துட்டு உங்க பக்கமே ஒரு சாட்சி குடுத்துட்டேன், ஆனாலும் இந்தப் படத்தை விட்டுக் குடுக்க மனசு வரல.

வாசல்படி

என் சின்னம்மா சிஸ்டர். அவங்க மடத்துக்குப் போன அன்னைக்கு எனக்கு ஏழு வயசு, எங்க தாத்தா கொல்லைப் பக்கம் போய் நின்னவர் வண்டி கிளம்பற வரைக்கும் திரும்பியே பார்க்கல. அதனால இந்தப் படங்களை என்னால ஒரு தூரத்துல வச்சுப் பார்க்க முடியாது. 1959ல வந்த 'த நன்ஸ் ஸ்டோரி'ல ஆட்ரி ஹெப்பர்ன் அப்பாகூட மடத்து வாசலுக்கு நடந்து போற காட்சியை நானும் சின்னம்மாவும் ஒண்ணா உட்கார்ந்து பார்த்தோம். சிஸ்டர் ஆகறதுக்கான பயிற்சிக் காலமான நவசந்நியாசத்துல அந்த மௌனம், முழங்கால்ல நிக்கிறது, தன் குத்தத்தை எல்லார் முன்னாடியும் சொல்றதுன்னு எல்லாத்தையும் இவ்ளோ சரியாக் காட்டின படம் வேற இல்லைன்னு சின்னம்மா சொன்னாங்க.

அப்புறம் கதை காங்கோவுக்குப் போகுது. கறுப்பின மக்களுக்கு ஆஸ்பத்திரில வேலை செய்யணும்னு ஏங்கிட்டுப் போறவங்களை முதல்ல வெள்ளைக்காரங்க ஆஸ்பத்திரிக்கு அனுப்பிடுறாங்க, அந்த ஏமாத்தத்தை மறைக்காமக் காட்டினது நேர்மைதான். ஆனா அங்க நிறையக் காங்கோ முகங்கள் வருது, ஒருத்தர் வீட்டுக்குள்ளயும் கேமரா போகல.

அதை வச்சு நான் தேடப் போய்க் கிடைச்சது ஒண்ணு. அந்தப் படம் தியேட்டருக்கு வந்த அதே 1959ல, ஆகஸ்ட் மாசம், காங்கோவோட வடகிழக்குல பாஃப்வாபாகாங்கிற ஊர்ல அனுவாரிட்டே நெங்கபேட்டான்னு ஒரு பொண்ணு சிஸ்டரா வாழ்றேன்னு வார்த்தைப்பாடு குடுத்தாங்க. படத்தோட காங்கோ காட்சிகளை எடுத்த ஸ்டான்லிவில்லும் அதே பக்கம்தான். அனுவாரிட்டே சின்னப் பொண்ணா இருக்கும்போது, மடத்துக்குப் போற பொண்ணுங்களை ஏத்திட்டுப் போன லாரில, அம்மாகிட்ட சொல்லாமலே ஏறிப் போயிட்டாங்க. அதுதானே நாம பேசிட்டு இருக்கிற காட்சி, அந்த அம்மா சாயங்காலம் பொண்ணைத் தேடின வீடு? 1964ல கலகத்துல ஒரு கலகப்படை அதிகாரிக்கு இணங்க மறுத்ததுக்காக அவங்களைக் கொன்னுட்டாங்க, 1985ல போப் அவங்களை முத்திப்பேறு பெற்றவரா (புனிதர் பட்டத்துக்கு முந்தின படி) அறிவிச்சார். ஹாலிவுட் கேமரா அந்த மண்ணுக்கே போய் நின்னுச்சு, இந்தக் கதை பக்கத்துலயே நடந்துட்டு இருந்துச்சு.

அமெரிக்காலயும் இருந்தாங்க, பழையரீல் கேட்ட மூணாவது கேள்விக்கு அதான் பதில். ஓப்லேட் சிஸ்டர்ஸ் ஆஃப் ப்ராவிடன்ஸ்னு கறுப்பினப் பெண்களுக்கான சபை பால்டிமோர்ல 1829லயே ஆரம்பிச்சிருச்சு. அகஸ்டஸ் டோல்டன் அடிமையாப் பிறந்தவர், அமெரிக்கால ஒரு குருமடமும் எடுத்துக்காததால ரோமுக்குப் போய்ப் படிச்சு 1886ல குருப்பட்டம் வாங்கினார். சின்னப் பிள்ளையா இருக்கும்போது அவரோட அம்மா பிள்ளைகளைக் கூட்டிட்டு மிசிசிப்பி ஆத்தைக் கடந்து தப்பிச்சு இலினாய்க்கு வந்தாங்க, வீட்டுக் கதைக்கு இதுக்கு மேல என்ன வேணும்?

என் மனசுக்கு ரொம்ப நெருக்கமானவங்க சிஸ்டர் தியா போமன். மிசிசிப்பில கேன்டன் ஊரு, அப்பா டாக்டர், அம்மா டீச்சர், ஒரே பொண்ணு, மெதடிஸ்ட் குடும்பம். ஒன்பது வயசுல தானே போய்க் கத்தோலிக்கராச் சேர்றாங்க, பதினஞ்சு வயசுல சிஸ்டர் ஆகணும்னு சாப்பிடாமக் கிடந்து வீட்டைச் சம்மதிக்க வைக்கிறாங்க. 1953ல விஸ்கான்சின்ல லா கிராஸ் மடத்துக்குப் போறாங்க, அங்க அத்தனை பேர்லயும் கறுப்பினப் பொண்ணு அவங்க மட்டும்தான். அங்க உன்னை அவங்களுக்குப் பிடிக்காது கண்ணுன்னு அப்பா பயந்தார். பிடிக்க வைக்கிறேன் பாருங்கன்னு பொண்ணு கிளம்பிச்சு. பேத்தி மாதிரி இருக்கிற தியாவோட சின்ன வயசுப் போட்டோவைப் பார்த்துட்டு என் சின்னம்மா அழுதுட்டாங்க.

கறுப்புவெள்ளை24

வாசல்படி அக்கா எழுதினதுக்கு அப்புறம் எழுதவே தயக்கமா இருக்கு, ஆனா கதைகள் எழுதப்படாம இல்லைங்கிறதை மட்டும் சேர்த்துடுறேன்.

கறுப்பின எழுத்தாளர் ஜேம்ஸ் பால்ட்வின் பதினாலு வயசுலேர்ந்து மூணு வருஷம் நியூயார்க் ஹார்லெம்ல பிரசங்கம் பண்ணின பையன், வளர்த்த அப்பாவும் பிரசங்கியார். அந்த வீட்டு நெருப்புலேர்ந்து வந்த நாவல்தான் 1953ல வந்த 'கோ டெல் இட் ஆன் த மவுண்டன்'. பழையரீல் தேடுற எல்லாமே அதுல இருக்கு, அப்பா, அம்மா, அத்தை, பதினாலு வயசுப் பையன், ஒரே ஒரு சனிக்கிழமை. அது திரைக்கு வந்தது 1985ல, அதுவும் டிவிக்கு.

அடுத்து அவர் எழுதின 'த ஏமன் கார்னர்' நாடகம் இன்னும் வியப்பு. பாஸ்டர் ஒரு பொம்பளை. மகன் சபையை விட்டுட்டு மியூசிக் பக்கம் போகப் பார்க்கிறான், ஜாஸ் வாசிக்கிற புருஷன் நோயாளியாத் திரும்பி வர்றார். 1955ல ஹோவர்ட் யூனிவர்சிட்டில மேடை ஏறிச்சு, பிராட்வேக்கு வர 1965 ஆயிருச்சு. இப்ப இதைப் பக்கத்துல வைங்க: ஜெப ஆலயப் பாடகர் பரம்பரைல பிறந்த யூதப் பையன் மேடைக்குப் போறான்ங்கிற 'த ஜாஸ் சிங்கர்' கதையை 1927ல எடுத்தாங்க, 1952ல மறுபடி எடுத்தாங்க. ரெண்டாவது தடவை அந்த யூதப் பையனா நடிச்சது டேனி தாமஸ், லெபனான் வழி வந்த மாரனைட் கத்தோலிக்கர். கிட்டத்தட்ட அதே சண்டை, கோயிலா பாட்டான்னு. ஒரு வீட்டுக்கு ரெண்டு படம், இன்னொரு வீட்டுக்கு ஒண்ணு கூட இல்ல.

பொம்பளை பாஸ்டர்னு சொன்னதும் ஞாபகம் வருது, மெதடிஸ்ட் சபை பெண்களுக்கு முழு ஊழிய உரிமை குடுத்ததே 1956லதான். போதகர் குடும்பப் படங்கள்ல மனைவிமார் பண்ற வேலையைக் கவனிச்சுப் பாருங்க, பாதி ஊழியம் அவங்க தலையிலதான் ஓடுது. இதுக்குத் தனி இழையே போடலாம்.

கறுப்பினக் கலைஞர்கள் தாங்களே எடுத்த படம் வேணும்னா ஸ்பென்சர் வில்லியம்ஸோட 'த ப்ளட் ஆஃப் ஜீசஸ்', 1941. ஏறக்குறைய ஐயாயிரம் டாலர்ல டெக்சஸ்ல எடுத்தது, கறுப்பின ரசிகர்களுக்கான தியேட்டர்கள்ல ஓடினது. சாமியார் ஆகற கதை இல்ல, இப்பதான் ஞானஸ்நானம் வாங்கின ஒரு மனைவி, அவ புருஷன், தவறுதலா வெடிச்ச துப்பாக்கி. ஆனா ஆத்தங்கரையில ஞானஸ்நானம், படுக்கையைச் சுத்தி நின்னு பாடற சபைப் பெண்கள், சுவர்ல மாட்டின இயேசு படம், எல்லாமே உள்ளேயிருந்து பார்த்த மாதிரி இருக்கும்.

பழையரீல்

நேத்து ராத்திரி 'த ப்ளட் ஆஃப் ஜீசஸ்' பார்த்தேன். பிரிண்ட் கீறலும் கோடுமா இருக்கு, சவுண்டு அங்கங்க தேய்ஞ்சு போகுது. அந்தப் படுக்கையைச் சுத்திப் பெண்கள் நின்னு பாடற இடத்துல நிறுத்திட்டு ரெண்டு தடவை பின்னாடி போய்ப் பார்த்தேன். யாரோ ஒருத்தருக்கு நல்லது பண்ண வந்த ஆள்னு அந்த ரூம்ல யாரும் இல்ல, எல்லாரும் அந்த வீட்டு ஜனம், அவங்களேதான் ஜெபிக்கிறாங்க, அவங்களேதான் அழறாங்க.

வாசல்படி அக்கா, தியா போமனோட அப்பா அம்மா பத்தி, அவங்க அந்த 1953ல வீட்ல எப்படி இருந்தாங்கங்கிறதைப் பத்தி விவரமா எழுதின புத்தகம் உங்ககிட்ட இருந்தா பேரை மட்டும் சொல்லுங்க. ஒரே பொண்ணை அவ்ளோ தூரம் அனுப்பிட்டு அந்த டாக்டர் மறுநாள் காலைல எப்படிப் போய் நோயாளிகளைப் பார்த்திருப்பார்னு ரெண்டு நாளா அதையே யோசிச்சுட்டு இருக்கேன்.